புல்லும் குளிரும்: ஓல்டன் மைதானம் ஒன்றில் இருந்து ஒரு கணக்கு

ஓல்டனில் நவம்பர் பிறந்தால் ஆரே ஆற்றின் மேல் மூடுபனி வந்து குந்திவிடும். சில வேளைகளில் கிழமைக்கணக்காக வெயில் தெரியாது. வெயில் வேண்டுமென்றால் ஜூரா மலையில் ஏறி, பெல்கன்ஃப்ளூ போன்ற உயரங்களுக்குப் போக வேண்டும். கீழே, கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 400 மீற்றர் உயரத்தில் இருக்கும் எமது நகரம் சாம்பல் போர்வைக்குள் கிடக்கும். இங்கே வந்து இருபது, முப்பது வருடங்களாகியும் இந்த மாதங்களை எண்ணி எண்ணித்தான் கழிக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு குளிர்காலம். பெற்றோர் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குவதற்காக ஒரு மைதானத்தைச் சனிக்கிழமைகளில் பாவித்து வந்தோம். சனவரியில் ஒரு நாள் வாசலில் மைதானம் மூடப்பட்டிருக்கிறது என்ற பலகை தொங்கியது. எட்டிப் பார்த்தால் உள்ளே வெண்பனி இல்லை. புல் பச்சையாகத்தான் நின்றது. அதன்மேல் மாப்பூசியது போல உறைபனி மட்டும். ஒரு மணித்தியாலம்தானே என்று பிள்ளைகளை இறக்கிவிட்டோம். அடுத்த கிழமையும் அப்படியே செய்தோம்.

மார்ச்சில் கடிதம் வந்தது. புல் பட்டுப்போயிருக்கிறது, மீண்டும் விதைக்க இவ்வளவு செலவு, மறு அறிவித்தல் வரை அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. தொகை பெரிதல்ல. ஆனால் எங்களில் சிலருடைய குடியுரிமை விண்ணப்பங்கள் உள்ளூராட்சியின் மேசையில் கிடந்த காலம் அது. பலகையை மதியாதவர்கள் என்ற பெயர்தான் பெரிய செலவாகத் தெரிந்தது.

கூட்டத்தில் இரண்டு கருத்து எழுந்தது. வாயை மூடிக்கொண்டு கட்டிவிடுவோம் என்றனர் சிலர். வெளிநாட்டவர் என்பதால் எல்லாப் பழியையும் எம்மீது போடுகிறார்கள் என்றனர் வேறு சிலர். நாங்கள் வணிகவியல் படித்து, கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள். பில்லைப் பார்க்காமல் காசு கட்டுவதும் எமக்குப் பழக்கமில்லை, பில்லைப் பார்க்காமல் மறுப்பதும் பழக்கமில்லை. ஆகவே புல் குளிரில் ஏன் சாகிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். வீட்டின் முன் துண்டுப் புற்றரை வைத்திருப்பவர்களுக்கும், விளையாட்டுக் கழகங்கள் நடத்துபவர்களுக்கும் உதவட்டும் என்று அதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

புல்லின் உயிர் எங்கே இருக்கிறது?

புல்லின் உயிர் இலையில் இல்லை. இலையும் வேரும் சந்திக்கும் இடத்தில், மண்ணின் மேற்பரப்பை ஒட்டி, ஒரு சிறிய தடித்த பகுதி உண்டு. அதை இங்கே அடிக்குருத்து என்று அழைப்போம். புது இலை, புது வேர், புதுக் கிளை எல்லாம் இதில் இருந்துதான் புறப்படுகின்றன. இலை முழுவதும் காய்ந்து வைக்கோல் நிறமானாலும் அடிக்குருத்து பிழைத்திருந்தால் வசந்தத்தில் புல் திரும்ப வரும். அடிக்குருத்துச் செத்தால், மேலே இலை கொஞ்ச நாள் பச்சையாக நின்றாலும் கதை முடிந்துவிட்டது.

எனவே ஒரு புல் எத்தனை பாகைக் குளிரைத் தாங்கும் என்று சொல்லும்போது அது அடிக்குருத்து இருக்கும் இடத்தின் வெப்பநிலையையே குறிக்கிறது. தொலைக்காட்சியில் சொல்லும் காற்றின் வெப்பநிலை வேறு. சுவிஸின் மிகக்குறைந்த வெப்பநிலை 1987 சனவரி 12ஆம் நாள் ஜூராவில் உள்ள லா பிரெவீன் பள்ளத்தாக்கில் பதிவானது: சுழியத்துக்குக் கீழே 41.8 பாகை செல்சியஸ். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு இன்றும் மாடுகள் மேயும் புல்வெளிதான். அப்படிப்பட்ட கடுங்குளிர் பொதுவாக வெண்பனி மூடிய நிலத்தில், காற்றில்லாத தெளிந்த இரவில்தான் இறங்கும். வெண்பனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அது பஞ்சு மெத்தை போல வேலை செய்யும். தடித்த வெண்பனிக்குக் கீழே மண் சுழியத்தை ஒட்டியே நிற்கும். புல்லுக்கு வெண்பனி எதிரி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தவறு. வெண்பனி இல்லாத வெறும் குளிர்தான் கடினமானது.

குளிருக்குப் பழகுதல்

குளிர் தாங்கும் சக்தி புல்லிடம் வருடம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. யூலை மாதத்துப் புல்லை எடுத்து உறைகுளிரில் வைத்தால், எந்தச் சிறந்த இனமானாலும் சில பாகை கீழே போனதுமே செத்துவிடும். அதே புல் சனவரியில் அதைவிடப் பல மடங்கு குளிரைத் தாங்கும். இடையில் நடப்பதுதான் குளிர்ப்பழக்கம்.

இது இரண்டு கட்டமாக நடக்கிறது. இலையுதிர் காலத்தில் பகல் சுருங்கி, வெப்பநிலை சுழியத்துக்கு மேல் சில பாகைக்கு இறங்கும்போது முதற்கட்டம் தொடங்கும். புல் வளர்வது குறைந்துவிடும். ஆனால் வெயில் இருக்கும்வரை ஒளித்தொகுப்பு நடந்துகொண்டே இருக்கும். உழைப்பு உண்டு, செலவு இல்லை. மிஞ்சும் வெல்லம் அடிக்குருத்தில் சேமிப்பாகும். குளிர்நாட்டுப் புற்கள் இதைப் பெரும்பாலும் ஃபிரக்டன் என்ற காபோவைதரேற்று வடிவில் வைத்திருக்கும். கூடவே அடிக்குருத்தில் உள்ள நீரின் அளவு குறையும். கலமென்சவ்வுகளின் கொழுப்பு குளிரில் விறைக்காத வகைக்கு மாறும். கலங்களைக் காக்கும் சில புரதங்கள் உருவாகும். பின்னர் வெப்பநிலை சுழியத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி நிற்கும் நாட்களில் இரண்டாம் கட்டம் நடந்து, பழக்கம் முழுமை அடைகிறது.

இவை ஏன் தேவை? நீர் உறையும்போது பனிக்கட்டி முதலில் கலங்களுக்கு இடையில்தான் உருவாகும். அது கலத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். கலம் வாடும். வாட்டத்தைத் தாங்கினால் பிழைக்கும். கலத்துக்குள்ளேயே பனிக்கட்டி உருவானால் சவ்வு கிழிந்து கலம் சாகும். உள்ளே வெல்லம் கூடுதலாகவும் நீர் குறைவாகவும் இருந்தால் உறைவது தள்ளிப்போகும். உப்பு நீர் நல்ல நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் உறைவது போன்றதுதான் இதுவும்.

இந்தப் பழக்கம் முழுமையாக வருவதற்குப் பல கிழமைகள் எடுக்கும். கலைவதற்குச் சில நாட்கள் போதும். பெப்ரவரியில் ஒரு கிழமை வெயில் எறித்து வெப்பநிலை எட்டு, பத்துப் பாகைக்கு ஏறினால் புல் வசந்தம் வந்துவிட்டது என்று எண்ணி நீரை உறிஞ்சி, சேமிப்பைச் செலவழித்து, குருத்து விடத் தொடங்கும். அதன் பிறகு வரும் சாதாரண உறைகுளிரே அதைக் கொல்லப் போதுமானது. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் குறிப்பாக ஆராய்ந்திருக்கிறார்கள். கோல்ஃப் திடல்களில் தானாக முளைக்கும் ஓராண்டுப் புல் மிக விரைவாக ஏமாறுகிறது. அதன் பக்கத்திலேயே வளரும் படர் அக்ரோஸ்டிஸ் புல் கூடுதல் நாட்கள் பொறுத்திருக்கிறது. குளிர்காலத்தின் ஆபத்தான நாள் மிகக் குளிரான நாள் அல்ல, சூட்டுக்குப் பின்வரும் குளிரான நாள் என்பது நாங்கள் படித்தவற்றில் முக்கியமான பாடம்.

எந்தப் புல் எவ்வளவு தாங்கும்?

இதை அளப்பதற்கு ஆய்வுகூடங்களில் ஒரு நிலையான முறை உண்டு. குளிருக்குப் பழகிய புற்களைக் கணினியால் கட்டுப்படுத்தப்படும் உறைபெட்டிக்குள் வைத்து, மணிக்கு ஓரிரு பாகை வீதம் மெதுவாகக் குளிர்விப்பார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு தொகுதியை வெளியே எடுத்து, ஆறவிட்டு, கண்ணாடி வீட்டில் நட்டுச் சில கிழமைகள் வளர்ப்பார்கள். பாதிப் புற்கள் செத்துப் பாதி பிழைத்த வெப்பநிலை எதுவோ அதை எல்.டி.50 என்று குறிப்பார்கள். இந்த எண் தாழ்வாக இருக்க இருக்கப் புல் உறுதியானது.

சுவிஸில் விதைப்பைகளின் பின்புறத்தில் இருக்கும் பெயர்களோடு அந்த எண்களைச் சேர்த்துத் தருகிறோம். எல்லாம் சுழியத்துக்குக் கீழே உள்ள பாகைகள். இனத்துக்கு இனம் வேறுபடுவதால் வீச்சாகவே சொல்ல முடியும்.

எங்லிஷெஸ் ரைகிராஸ்: 5 முதல் 15 வரை. ஒரு கிழமை, பத்து நாளில் முளைக்கும். மிதிபடத் தாங்கும். அதனால் விளையாட்டு மைதானங்களில் இதுவே முதன்மை. குளிர்நாட்டு மைதானப் புற்களில் குளிருக்கு மிகவும் மெலிந்ததும் இதுவே.

வீசன்ரிஸ்பன்கிராஸ்: 21 முதல் 30 வரை. முளைக்க இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். ஆனால் மண்ணுக்கடியில் தண்டு ஓடிப் பரவி, விழுந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். ரொறொன்ரோவில் எம்மவர் வீடுகளின் முன்னே சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கும் புல் பெரும்பாலும் இதுதான். அங்கே இதைக் கென்ரக்கி நீலப்புல் என்பார்கள். ஆனால் இது ஐரோப்பாவில் இருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா போன புல்.

படர் அக்ரோஸ்டிஸ்: 35 அளவில். கோல்ஃப் திடல்களில் மயிர் கத்தரித்தது போல வெட்டி வைத்திருப்பது இது. குளிரில் இதற்கு நிகரில்லை. ஆனால் பராமரிப்புச் செலவு அதிகம், வீட்டுக்கு ஏற்றதல்ல.

ஓல்டன் போன்ற சமவெளி நகரங்களில் சனவரி மாதச் சராசரி சுழியத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே ரைகிராஸ் இங்கே வழக்கமான குளிர்காலத்தைத் தாண்டிவிடும். ஆனாலும் கையிருப்பு அதிகமில்லை. இதனால்தான் நல்ல மைதான விதைக் கலவைகளில் ரைகிராஸோடு வீசன்ரிஸ்பன்கிராஸும் சேர்க்கப்படுகிறது. ஒன்று விரைவுக்கு, மற்றது உறுதிக்கு.

எமது அறுகின் நிலை

கலியாண வீட்டில் அறுகரிசி இட்டு, அறுகு போல வேரோடி வாழ வாழ்த்துவது எமது வழக்கம். பிள்ளையாருக்கு வைப்பதும் அதையே. அந்த அறுகம்புல்தான் உலகின் வெப்பநாட்டு மைதானங்களில் பெர்முடா புல் என்ற பெயரில் அதிகம் விரிக்கப்படும் புல்! தாவரவியலில் இரண்டும் சைனோடோன் டக்டிலோன் என்ற ஒரே இனம். பெயரில் பெர்முடா இருந்தாலும் அது அந்தத் தீவில் பிறந்ததல்ல. ஆபிரிக்கா முதல் ஆசியாவரை பரந்த பழைய உலகப் புல்.

ஊரில் மாரி மழை விழுந்ததும் வரம்பிலும் முற்றத்திலும் ஓடுகிற அறுகு, கோடையில் காய்ந்து செத்தது போலக் கிடந்து மீண்டும் எழும்பும். வறட்சிக்கு அது அரசன். குளிர்தான் அதன் பலவீனம். வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்று, நிறம் போய், வைக்கோலாகி உறங்கிவிடும். சாதாரண வகைகள் அடிக்குருத்தில் சுழியத்துக்குக் கீழே 5 முதல் 8 பாகை அளவில் பாதியாகச் சாகும். மண்ணுக்குக் கீழே ஓடும் தண்டு ஆழமாக இருந்தால் சில பிழைக்கும்.

இந்தப் பலவீனத்தைச் சரிசெய்ய அமெரிக்காவில் நெடுங்காலமாக வேலை நடக்கிறது. ஜோர்ஜியா மாநிலத்தின் டிஃப்டனில் கிளென் பேர்ட்டன் என்ற ஆய்வாளர் அறுகின் கலப்பினங்களை உருவாக்கி, 1960இல் டிஃப்வே என்ற புகழ்பெற்ற வகையை வெளியிட்டார். அதன் பிறகு குளிர் கூடிய ஒக்லஹோமா மாநிலத்தின் பல்கலைக்கழகம் பல நாட்டு அறுகுகளைச் சேர்த்து, குளிரில் பிழைப்பவற்றையே திரும்பத் திரும்பக் கலந்து, லற்றிற்றியூட் 36, நோர்த்பிரிட்ஜ், டஹோமா 31 போன்ற வகைகளைக் கொண்டுவந்தது. 2023 பெப்ரவரியில் அரிசோனாவில் நடந்த அமெரிக்க உதைபந்தாட்ட இறுதியாட்டமான சூப்பர் போல் டஹோமா 31 மேல்தான் ஆடப்பட்டது. வீரர்கள் வழுக்கி விழுந்ததால் அந்தப் புல் அன்று செய்தியானது வேறு கதை.

சுவிஸிலும் அறுகு இருக்கிறது. ரிச்சினோ, வலே போன்ற வெப்பமான இடங்களில் தானாகவே வளர்கிறது. டொச் மொழியில் ஹுண்ட்ஸ்சான்கிராஸ், அதாவது நாய்ப்பல் புல் என்பார்கள். ஓல்டனில் சதுர்த்திக்கு அறுகு வேண்டும் என்பவர்கள் சட்டியில் நட்டு, ஒக்ரோபரில் உள்ளே எடுத்து, மே மாதம் வெளியே வைப்பதே நல்லது. மைதானத்துக்கோ முற்றத்துக்கோ அது இங்கே சரிவராது. பிழைத்தாலும் அரை வருடம் காய்ந்தே கிடக்கும்.

குளிர்காலத்தில் புல் சாகும் வழிகள்

குளிரில் செத்தது என்று ஒரே வரியில் எழுதுவது, நட்டம் என்று ஒரே வரியில் கணக்கு முடிப்பது போன்றது. எந்தத் தலைப்பில் நட்டம் என்று பிரிக்க வேண்டும். ஆய்வாளர்கள் பிரிப்பது இப்படி:

முதலாவது, நேரடி உறைதல். அடிக்குருத்தின் எல்லையை மீறிய குளிர். வெண்பனி இல்லாத திடீர்க் குளிரில் நடக்கும்.

இரண்டாவது, நீர் ஏறிய அடிக்குருத்து உறைதல். பகலில் பனி உருகி, பள்ளத்தில் நீர் தேங்கி, அடிக்குருத்து அதை உறிஞ்சி, இரவில் சட்டென்று உறையும். பெப்ரவரி, மார்ச் மாதங்களின் முக்கிய எதிரி இதுதான். வடிகால் இல்லாத பள்ளங்களில் புல் முதலில் சாவதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, பனிக்கட்டி மூடுதல். மழை பெய்து உறைந்து கண்ணாடி போல நிலத்தை அடைத்தால் கீழே காற்றுப் போகாது. புல் உறக்கத்திலும் சுவாசிக்கும். ஒட்சிசன் தீர்ந்து, காபனீரொட்சைட்டும் வேறு நச்சுப் பொருட்களும் சேரும். கட்டியை உடைக்கும்போது புளித்த நாற்றம் வரும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பியர்ட் 1960களில் இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி. ஓராண்டுப் புல் ஏறத்தாழ இரண்டு மாதப் பனிக்கட்டியில் முடிந்துவிடும் என்றும், படர் அக்ரோஸ்டிஸ் நான்கு மாதமும் தாங்கும் என்றும் இப்போது பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நோர்வேயில் இருக்கும் எமது உறவுகளுக்கு இந்தப் பிரச்சினை நன்றாகவே தெரிந்திருக்கும்.

நான்காவது, காய்தல். மண் உறைந்திருக்கும்போது வேரால் நீர் எடுக்க முடியாது. மேலே வெயிலும் காற்றும் இலையை உலர்த்தும்.

ஐந்தாவது, பங்கசு நோய். டொச் மொழியில் ஷ்னேஷிமல் என்று அழைக்கப்படும் வெண்பனிப் பூஞ்சணத்தில் இரண்டு வகை உண்டு. டைஃபுலா என்ற வகைக்கு நீண்ட நாள் வெண்பனி மூடியிருக்க வேண்டும். அது எங்கடின் போன்ற உயர் பள்ளத்தாக்குகளின் நோய். மைக்ரோடோகியம் நிவாலே என்ற மற்ற வகைக்கு, பெயரில் பனி இருந்தாலும், பனியே தேவையில்லை. சுழியத்துக்குச் சற்று மேலான குளிரும், காயாத ஈரமும் போதும். வட்ட வட்டமாகப் புல் பழுத்து, ஓரத்தில் இளஞ்சிவப்புத் தெரியும். கிழமைக்கணக்காக மூடுபனி நிற்கும் ஓல்டனை விட இதற்கு வசதியான இடம் எங்கே கிடைக்கும்?

ஆறாவது, மனிதக்கால். உறைந்த இலையை மிதித்தால் உள்ளிருக்கும் பனிக்கட்டி கலங்களை உடைக்கும். இரண்டு, மூன்று நாளில் காலடி வடிவில் பழுப்பாகும். ஆனால் இது இலையோடு நிற்கும் காயம், வசந்தத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். அதைவிட மோசமானது மேல்மண் இரண்டு விரல் அளவு இளகி, கீழ்மண் உறைந்திருக்கும் வேளையில் ஓடி விளையாடுவது. காற்பந்துச் சப்பாத்து இளகிய மண்ணை உறைந்த மண்ணின் மேல் வழுக்கித் தள்ளும். இடையில் இருக்கும் வேர் அறுந்துபோகும். அது ஆறாது.

எங்கள் பில்

இவ்வளவும் தெரிந்த பிறகு மார்ச் கடைசியில் மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்தோம். நட்டம் மூன்று தலைப்பில் கிடந்தது.

மைதானம் முழுவதும் காலடிகள். அவை எங்கள் பிள்ளைகளுடையவை. ஆனால் குனிந்து விலக்கிப் பார்த்தபோது அடிக்குருத்து வெள்ளையாக, உறுதியாக இருந்தது. புது இலை வந்துகொண்டிருந்தது. அதற்குச் செலவு இல்லை.

மரங்களின் பக்கம் வட்ட வட்டமாகப் பழுத்த இடங்கள். அங்கே இலையுதிர் காலத்து இலைகள் அள்ளப்படாமல் நனைந்து ஒட்டிக் கிடந்தன. அது பங்கசின் வேலை. எங்கள் பக்கம் வராது.

கோல் வாசல் இரண்டும் வெறும் சேறு. புல்லைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தது. அது இரண்டாவது சனிக்கிழமை. அன்று காலை உறைந்திருந்து, நாங்கள் போன நேரம் மேல்மண் இளகியிருந்தது நினைவிருக்கிறது. அது முழுவதும் எங்கள் பிழை.

இதையே தாளில் மூன்று பத்தியாக எழுதிக்கொண்டு போனோம். கோல் வாசல்களின் செலவு எங்களுடையது, பலகையை மீறியதும் எங்கள் தவறு என்று முதல் வரியில் எழுதினோம். வட்டங்களைப் பற்றி இரண்டாவதாக எழுதினோம். வருகிற இலையுதிர் காலத்தில் இலை அள்ளுவதற்குப் பெற்றோர் வருகிறோம் என்று மூன்றாவதாக எழுதினோம். பொறுப்பானவர் வாசித்துவிட்டு எம்மோடு மைதானத்துக்கு வந்து பார்த்தார். தொகை குறைந்தது. கோடை விடுமுறைக்குப் பிறகு அனுமதியும் திரும்பியது. முழுவதையும் ஒத்துக்கொண்டிருந்தால் செய்யாத பிழைக்கும் பெயர் கேட்டிருப்போம். முழுவதையும் மறுத்திருந்தால் செய்த பிழையை மறைத்தவர்கள் ஆகியிருப்போம்.

இன்று நடக்கும் ஆய்வுகள்

புல்லுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று நாங்களும் முதலில் சிரித்தோம். சுவிஸ் கூட்டரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான அக்ரோஸ்கோப், சூரிச் ரெக்கன்ஹோல்ஸில் மாட்டுத்தீவனப் புல் வகைகளை நெடுங்காலமாக உருவாக்கி வருகிறது. மைதானத்து ரைகிராஸும் மாடு தின்னும் ரைகிராஸும் ஒரே இனம். குளிர்காலத்தைத் தாண்டுமா, வெண்பனிப் பூஞ்சணத்தை எதிர்க்குமா என்பது பால் விலையோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

ஸ்கண்டிநேவிய நாடுகளின் கோல்ஃப் சம்மேளனங்கள் 2006இல் ஸ்டெர்ஃப் என்ற ஆய்வு நிதியத்தை அமைத்தன. நோர்வேயின் நிபியோ நிறுவனம் பனிக்கட்டி மூடுதலைப் பற்றி விரிவாக ஆராய்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத் தலைமையில் 2021இல் தொடங்கிய விண்டர்டர்ஃப் திட்டம், குளிர்கால இறப்புக்கான காரணங்களை மைதானங்களிலேயே உணரிகள் வைத்து அளக்கிறது.

காலநிலை மாறுவதால் இந்தக் கேள்வி சுருங்கவில்லை, மாறியிருக்கிறது. சுவிஸ் சமவெளியில் வெண்பனி கிடக்கும் நாட்கள் குறைகின்றன. மெத்தை இல்லாத குளிரும், இடையில் வரும் சூடும், ஓயாத ஈரமும் கூடுகின்றன. கடுங்குளிரைத் தாங்கும் புல்லோடு, சூட்டுக்கு ஏமாறாத புல்லும் இப்போது தேவைப்படுகிறது.

செயற்கைப் புல் ஒரு வழி. பேர்ணின் வாங்டோர்ஃப் அரங்கு 2006இல் அதற்கு மாறியது. 2008 ஐரோப்பியக் கிண்ணத்துக்காக அங்கே தற்காலிகமாக இயற்கைப் புல் விரிக்க வேண்டி வந்தது. சிறிய ஊர்களுக்கும் கழகங்களுக்கும் அந்தச் செலவு இலகுவில் கட்டுப்படியாகாது.

செய்ய வேண்டியவை

ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை: விதைப்பதற்கு இதுவே நல்ல காலம். மண் சூடாக இருக்கும், புல் குளிருக்கு முன் வேர்விடும். ஒக்ரோபர் முடிவில் விதைத்த இளம்புல்லுக்குச் சேமிக்க நேரம் கிடைக்காது.

செப்டெம்பர், ஒக்ரோபர்: பொற்றாசியம் கூடிய இலையுதிர்காலப் பசளை போடலாம். கடைகளில் ஹெர்ப்ஸ்ட் ராசன்டூங்கர் என்று கேளுங்கள். நைதரசன் கூடிய கோடைப் பசளையை இந்தக் காலத்தில் போட வேண்டாம். புல் சேமிப்பதை விட்டுவிட்டு வளரத் தொடங்கும். அந்த இளம் இலை பங்கசுக்கும் விருந்தாகும்.

நவம்பர்: விழுந்த இலைகளை அள்ளுங்கள். கடைசி வெட்டு 4 முதல் 5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். மொட்டையாகவும் வெட்ட வேண்டாம், நீளமாகச் சரிந்து கிடக்கவும் விட வேண்டாம்.

டிசெம்பர் முதல் மார்ச் வரை: உறைபனி இருக்கும்போது புல்லில் நடக்க வேண்டாம். நடைபாதைக்கு உப்புப் போடும்போது புல் ஓரத்தில் விழாமல் பாருங்கள். வழித்த வெண்பனியைப் புல்லின்மேல் மலைபோலக் குவிக்க வேண்டாம்.

ஏப்ரல்: பழுத்திருக்கிறது என்று உடனே கொத்தி எறிய வேண்டாம். குனிந்து அடிக்குருத்தைப் பாருங்கள். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் மூன்று கிழமை பொறுங்கள். பழுப்பாகி நசிந்தால் மட்டும் விதையுங்கள்.

எங்கள் பெற்றோர் குழுவில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலச் சனிக்கிழமைகளில் முதலில் போகிறவர் ஒரு திருப்புளியைக் கோல் வாசல் மண்ணில் குத்திப் பார்ப்பார். இலகுவாக ஆழம் போனால் விளையாட்டு உண்டு. இரண்டு விரல் ஆழத்தில் முட்டி நின்றால், பலகை தொங்காவிட்டாலும், பிள்ளைகளை உள்ளரங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம். நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை இலை அள்ளும் நாள். அன்று தேத்தண்ணீரும் வடையும் கொண்டு போவோம். பொறுப்பானவரும் வருவார்.